டீக்கடைக்குப் போன பிறந்தநாள் இலை

டீச்சர்,

நேற்று திருப்பதிக்கு ஒரு மொட்டை சவாரி. மொட்டை குழந்தைக்குத்தான், ஆனால் வண்டியில் வந்தது பதினோரு பேர். அதில் பாதிப் பேர் வழியெல்லாம் வாந்தி. சாமி பார்த்துவிட்டு மலையிறங்கி, கீழே ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். ஊர் திரும்பும் வழிக்குத் தயிர்சோறு கட்ட வேண்டும் என்று சமையல்காரர் வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டிக்கொண்டிருந்தார். இலை சூடு பட்டதும் பளபளவென்று நிறம் மாறும் பாருங்கள், அப்போது ஒரு வாசனை வரும். கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்து நின்றுவிட்டேன்.

"இன்னா டிரைவரே, பசியா?" என்றார் சமையல்காரர்.

"பசி இல்ல. அந்த ஓரம் இன்னும் பச்சையா கீது. திருப்பிப் போட்டு வாட்டு, இல்லன்னா மடிக்கும்போது கிழியும்."

"ஓகோ. எங்க கத்துக்கின இதெல்லாம்?"

"பிலிப்பைன்ஸ்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் விமானம் பார்த்ததே ரேணிகுண்டா ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி அண்ணாந்துதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்று கற்றது என்று விளக்கப் போனால் தயிர்சோறே ஊசிப்போயிருக்கும். வண்டி துடைக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

இன்றைக்குச் சவாரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மிஷன் தமிழ்ப் பள்ளியில் அஞ்சாவது வரைக்கும். அதற்கு மேல் படித்ததெல்லாம் பஸ் போர்டுதான். அதிலும் பாதி தெலுங்கு. நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்காமல் படிக்க வேண்டும்.

நீங்கள் முதன்முதலில் இந்த மண்ணில் கால் வைத்த அன்று ரேணிகுண்டா ஸ்டேஷனில் உங்களை ஏற்றியது நான்தான். எங்கள் சபையைச் சேர்ந்த சாமுவேல் அண்ணன் குவைத்தில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த உங்களைக் கட்டிக்கொண்டு, மூன்று வயது லூசியோடு சித்தூருக்குத் திரும்புகிறார் என்று செய்தி. பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "பிலிப்பு ஊருலருந்து பொண்ணு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏதோ பைபிளில் வருகிற ஊர் என்று நானும் இருந்துவிட்டேன்.

பிளாட்பாரத்தில் "எந்தெந்தப் பை நம்முது?" என்று கேட்டேன். உங்கள் ஒரு கையில் லூசி, இன்னொரு கையில் பிளாஸ்க். என்னைப் பார்த்து உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டினீர்கள். எனக்குத் திக்கென்றது. வந்ததும் வராததுமாக இந்த அம்மா எனக்கு எதற்குப் பழிப்புக் காட்டுகிறது என்று அண்ணனைப் பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், அவங்க ஊர்ல வாயாலதான்டா வழி காட்டுவாங்க. அந்தப் பக்கம் கீற ரெண்டு பையும் எட்றா."

"நல்லதா போச்சுண்ணா. எங்க ஊர்லயும் எல்லா வேலையும் வாயாலதான் நடக்குது," என்றேன்.

அன்றைக்கே வீட்டு வாசலில் இன்னொன்று. உங்கள் மாமியாரைப் பார்த்ததும் குனிந்து, அவர்கள் கையை எடுத்து உங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அதுதான் மரியாதையாம். அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? "ஐயோ பாவம், பொண்ணுக்கு ஜுரம் போல கீது, தொட்டுப் பாக்கச் சொல்லுது" என்று உள்ளே ஓடி, மிளகு தட்டிக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு டம்ளர் கஷாயத்தையும் குடித்து முடித்தீர்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுநாள் காலையிலும் மரியாதை செய்தீர்கள். மறுநாளும் கஷாயம். மூன்றாம் நாள்தான் அண்ணன் உண்மையைச் சொன்னார். இவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அண்ணனுக்கும் என்னைப் போல வேடிக்கை பார்க்கிற புத்தி.

அப்புறம் நம் சபைப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர் ஆனீர்கள். பள்ளிக்கூட வேன் என்னுடையது. முன்சீட் உங்களுடையது. தினமும் காலையும் மாலையும் நாற்பது நிமிஷம். ஊரில் யார் யாரோ உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர வந்தார்கள், கடைசியில் உங்களுக்குத் தமிழ் வந்தது என் வேனில்தான். அதில்தான் கோளாறே. நான் கிளீனரிடமும் லாரிக்காரனிடமும் பேசுவதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். மரியாதையாகப் பேசுகிற தமிழ் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அது அவ்வளவாக வராது.

முதல் ஆண்டுவிழா அன்று கரஸ்பாண்டன்ட் ஐயா வெள்ளைச் சட்டையும் செண்ட்டுமாக வந்து நின்றார். நீங்கள் நேரே போய், "இன்னா நைனா, லேட்டா வந்துகினு கீற? துன்னியா?" என்றீர்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "யாரும்மா உங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

நீங்கள் உதட்டைக் குவித்து என் பக்கம் நீட்டினீர்கள். நான் பந்தல் கம்புக்குப் பின்னால் போய்விட்டேன்.

என்னை "கூயா" என்று கூப்பிட ஆரம்பித்ததும் நீங்கள்தான். உங்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் பேர், டிரைவரையும் கடைக்காரரையும் கூட அப்படித்தான் கூப்பிடுவோம் என்றீர்கள். ஒரே வாரத்தில் வேன் பிள்ளைகள் எல்லாம் கூயா, கூயா என்று கத்த, பின்னாடி அப்பா அம்மாக்களும் கத்த, என் சொந்தப் பேர் லைசென்ஸில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

குவைத்துக்குத் திரும்பிப்போன சாமுவேல் அண்ணன் இரண்டாம் வருஷம் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வராது. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து நீங்கள் மறுபடி வேனில் ஏறிய அன்று, மணிலாவிலிருந்து உங்கள் அக்கா போனில் அழைத்தார். வந்துவிடு, வந்துவிடு என்று அழுதது எனக்கே கேட்டது. நீங்கள் போனை மடியில் வைத்தீர்கள்.

"போறியா டீச்சர்?" என்றேன்.

"லூசி தூக்கத்துல கூட சித்தூர் தமிழுதான் பேசறா, கூயா. அங்க கூட்டிக்கினு போனா யார் கூட பேசுவா? அப்பா ஊராவது அவளுக்கு இருக்கட்டும். பள்ளிக்கூட வேலை கீற வரைக்கும் இங்கதான். வேலை போச்சுன்னா அக்கா வீடு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். இந்த ஊருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த கயிறு அந்த எல்.கே.ஜி. வகுப்பு ஒன்றுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை நான் முன்னாலேயே எழுதிவைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் யாரும் எனக்குச் சாக்குச் சொல்லக்கூடாது.

லூசியின் பிறந்தநாளுக்கு வருகிறேன். மற்றவர்கள் கேக் வெட்டுவார்கள். நீங்கள் முழு வாழையிலைகளை அனலில் வாட்டி, பெஞ்சு மேல் நீளமாகப் போட்டு, நடுவில் சோற்றைக் கரைபோலக் குவித்து, அதன் மேல் பொரித்த மீன், முட்டை, மாங்காய்க் கீற்று, தக்காளி எல்லாவற்றையும் அடுக்குவீர்கள். தட்டு கிடையாது, கரண்டி கிடையாது. எல்லோரும் சுற்றி நின்று ஒரே குவியலில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். முதல் வருஷம் அதைப் பார்த்து நம் தெருவே வாசலில் நின்றுவிட்டது.

"இன்னாய்யா இது, ஒருத்தர் எச்சில இன்னொருத்தர் துன்றதா?" என்று என் வீட்டுக்காரி கலா என் காதில் கேட்டாள்.

"பந்தி மிச்சம். எழுந்திரு, அடுத்த ஆள் உக்காரணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க," என்றேன்.

கலா யோசித்தாள். பிறகு முன்னால் போய் ஆள்காட்டி விரலால் சோற்றில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டு, நடுவில் இருந்ததை மட்டும் சாப்பிட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் அவரவர் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தீர்கள். "இன்னா கூயா, சோத்துல ஆந்திரா தமிழ்நாடு பார்டர் போட்டுக்கினு கீறாங்க?" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே இலை, அதே கோடுகள். ஆனால் வருகிற ஆட்கள் மட்டும் ஏறிக்கொண்டே போனார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கொரோனா வருஷம் வந்தது. நோய் அப்போது நம் ஊருக்கு வரவில்லை. டிவிக்கு மட்டும் வந்திருந்தது. மாங்கூழ் ஃபேக்டரி எதிரில் பாபு டீக்கடையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் சைனாக்காரர்கள் முகமூடியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டரி மேஸ்திரி முனிரத்தினம் பக்கத்தில் இருந்தான். அவன் மகள் உங்கள் வகுப்புதான்.

"அன்னா, நீ வண்டியில கூட்டினு வர்ற டீச்சரு சைனாதான?" என்றான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எட்டுப் பத்துப் பேர் டம்ளரோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூயா இருக்கிறான், ஏதாவது சொல்வான் என்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்கு டீயைவிடப் பெரிசு.

"சைனாவேதான்," என்றேன். "தினம் என் பக்கத்து சீட்டுதான். நேத்து ரெண்டு தும்மல் வேற. நான் மூச்சப் பிடிச்சுக்கினு ஓட்டினேன், சித்தூர் வந்ததும்தான் விட்டேன்."

கடையே சிரித்தது. பாபு பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான். நானும் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு கிளம்பினேன்.

சிரித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொன்னபோது சிரிப்பு உதிர்ந்து தும்மல் மட்டும் நின்றுவிட்டது. திங்கட்கிழமை என் வேனில் நாலு சீட் காலி. புதன்கிழமை பாதி வேன் காலி. உங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றச் சொல்லி அப்பாக்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். பெரிய வகுப்பில் படித்த லூசியின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை பெஞ்சு மாறியது. வியாழக்கிழமை கரஸ்பாண்டன்ட் ஐயா உங்களைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா. நிலைமை சரியானதும் நானே சொல்லி அனுப்புறேன்" என்றாராம். அப்படி ரெஸ்ட்டுக்குப் போய்த் திரும்ப அழைக்கப்பட்ட ஆள் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அன்று மாலை வேனில் வரும்போது நேராகச் சாலையைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"நான் தும்மினேன்னு யாரு சொன்னது, கூயா?"

"தெரியலயே டீச்சர்," என்றேன்.

நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்கள். உங்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் சரி என்று அர்த்தம். எங்கள் ஊரில் அப்படியா என்று அர்த்தம். அன்றைக்குத் தூக்கியது எந்த ஊர்ப் புருவம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அக்காவுக்குப் போன் பண்ணேன். பரீட்சை முடிஞ்சதும் கிளம்பறோம்," என்றீர்கள். பின்சீட்டில் இருந்த லூசி, "நான் வரல. நீ போ" என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கலாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை அப்படியே கீழே ஊற்றினாள்.

"உன் வாயில ஆரம்பிச்சது. நீதான் போய் சொல்லணும்."

"எப்படிம்மே சொல்றது?"

"டீக்கடையில மட்டும் எப்படி சொன்ன? நல்லா வழவழன்னு வந்துச்சு இல்ல? அதே வாய்தான?"

சனிக்கிழமை லூசிக்குப் பிறந்தநாள். மதியம் போனேன். பெஞ்சு மேல் இலைகள் விரித்திருந்தன, எப்போதும் போல நீளமாக, இருபது பேருக்கு. சோறு குண்டானில் மூடியிருந்தது. மீன் பொரித்துத் தாம்பாளத்தில் இருந்தது. ஆள் ஒருவரும் இல்லை. லூசி புதுப் பாவாடையோடு வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அடுப்படியில் கடைசி இலையை வாட்டிக்கொண்டிருந்தீர்கள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் இலையை ஏன் வாட்டினீர்கள் டீச்சர்? அதை நான் கேட்கவே இல்லை.

"டீச்சர், அது நான்தான் சொன்னது," என்றேன். வாசனை, புகை, எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று சொன்னேன். "டீக்கடையில. சிரிப்புக்காக."

நீங்கள் இலையைத் திருப்பினீர்கள். "இன்னா சொன்ன? சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். மூச்சைப் பிடித்தது, சித்தூரில் விட்டது எல்லாம். லூசி எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினி பேரு சிரிச்சாங்க?"

"எல்லாரும்."

அடுப்பை அணைத்தீர்கள். "நல்ல ஜோக்கு இல்ல, கூயா. நீ இதவிட நல்லா சொல்லுவ."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கன்னத்தில் வாங்கிக்கொண்டு ஒரு ஜோக்காவது சொல்லியிருப்பேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்:

"கிண்டல் பண்ணு. எனக்குக் கோவம் இல்ல. ஆனா நான் எதிர்ல நிக்கும்போது பண்ணு. எதிர்ல பண்ணா நான் சிரிப்பேன், இல்ல உனக்குத் திருப்பி ஒண்ணு குடுப்பேன். நான் இல்லாத எடத்துல பண்ணா நான் இன்னா பண்ண முடியும்?"

நீங்கள் முகத்தைக் கழுவினீர்கள். கொண்டையை இறுக்கினீர்கள். சோற்றுக் குண்டானை என் கையில் கொடுத்தீர்கள்.

"வண்டிய எடு."

"எங்க டீச்சர்?"

"ஆளுங்க இலைக்கு வரல. இலை ஆளுங்ககிட்ட போவட்டும்."

இலைகளைச் சுருட்டி லூசி மடியில் வைத்துக்கொண்டாள். மீன் தாம்பாளம் உங்கள் மடியில். கியர் மாற்ற மறந்து வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. பாபு கடையில் ஷிஃப்ட் மாறுகிற நேரம், நல்ல கூட்டம். நீங்கள் இறங்கிப்போய் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, இலையை விரிக்க ஆரம்பித்தீர்கள்.

"இன்னா டீச்சரம்மா, கடைய வாங்கிட்டியா?" என்றான் பாபு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"பாப்பா பர்த்டே. வா, துன்னு."

யாரும் வரவில்லை. இரண்டு பேர் டம்ளரோடு ரோட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். ஒருவன் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். லூசி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். சோற்றைக் குவித்து, மீனை அடுக்கி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"கூயா, அன்னிக்கு சொன்ன ஜோக்கு சொல்லு. இப்ப நான் கீறேன்."

டீச்சர், இருபத்தைந்து வருஷமாக வாயால் பிழைத்தவன் நான். அன்றைக்கு வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உங்கள் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு அந்த ஜோக்கைச் சொல்லவே முடியாது. அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் மிச்சம் இருந்ததைச் சொன்னேன்.

"இவங்க சைனா இல்ல. பிலிப்பைன்ஸு. அது எனக்கு நல்லாத் தெரியும். இங்க வந்து எட்டு வருஷமா சித்தூர விட்டு எங்கயும் போவல. கூட்டினு போய் கூட்டினு வர்றவன் நான்தான். தும்மல் பொய். நீங்க சிரிக்கணும்னு சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க. இப்ப இவங்க வேலை போவப் போவுது, இந்தப் பொண்ணு ஊரைவிட்டுப் போவப் போவுது."

முனிரத்தினம்தான் முதலில் வாயைத் திறந்தான். "அய்யய்யோ, ஏமன்னா இது! அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்பியாடா?" என்றேன்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, குவியலின் நடுவில் கை வைத்தேன். கோடு போடவில்லை. நீங்கள் பிட்டுவைத்த மீனிலிருந்தே ஒரு துண்டை எடுத்தேன். லூசி இந்தப் பக்கம் நின்று, "முள்ளு கீது மாமா, பாத்து" என்றாள். எங்கள் மூன்று பேர் கையும் ஒரே இடத்தில் இருந்தது. விடாமல் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முனிரத்தினம் டம்ளரை வைத்துவிட்டு வந்தான். இலையோரம் நின்று யோசித்தான். பிறகு விரலால் சோற்றில் ஒரு கோடு இழுத்துவிட்டு, தன் பக்கத்தில் கை வைத்தான். நீங்கள் கடகடவென்று சிரித்துவிட்டீர்கள்.

"பரவால்ல நைனா. பார்டர் போட்டாவது துன்னு."

அப்புறம் பாபு வந்தான். அப்புறம் நாலைந்து பேர். எல்லோரும் வந்தார்கள் என்று எழுதினால் அது பொய். துண்டு வைத்தவன் துண்டோடே போய்விட்டான். ஆனால் திங்கட்கிழமை முனிரத்தினத்தின் மகள் என் வேனில் ஏறினாள். அவனே இரண்டு அப்பாக்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், "மா டீச்சரு எக்கட?" என்று தெலுங்கிலேயே கேட்டானாம், எங்கள் டீச்சர் எங்கே என்று. அந்த வாரத்திலேயே நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்தீர்கள். சில பிள்ளைகள் வகுப்பு மாறியது மாறியதுதான். அடுத்த மாதமே ஊர் உலகமெல்லாம் சேர்த்து மூடினார்கள், அது வேறு கதை. பள்ளிக்கூடம் திறந்தபோது உங்கள் வகுப்பு உங்களுக்காக இருந்தது. அக்கா வீட்டுப் பேச்சு அத்தோடு போனது.

நான் நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான். நீங்கள் அன்றைக்கு ஆபீஸில் போய் "கூயாதான் சொன்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேனை அன்றே நிறுத்தியிருப்பார்கள். சொல்லவில்லை. பிறகும் யாராவது அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "கூயா எங்களுக்கு டீக்கடையில பார்ட்டி வச்சாரு" என்பீர்கள். என்னைப் பார்க்காமல்தான் சொல்வீர்கள். நான் வெட்கப்படுவதைப் பார்க்கக்கூடாது என்று.

அதற்குப் பிறகு நான் ஊமையாகிவிடுவேன் என்று கலா ஆசைப்பட்டாள். நடக்கவில்லை. கிண்டலை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டேன். ஆள் எதிரில் இருந்தால் விடமாட்டேன். ஆள் எழுந்து போய்விட்டால் வாயை மூடிக்கொள்வேன். "இன்னா கூயா, அவன் போனதும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற, வயசாயிடுச்சா?" என்று பாபுவே கேட்கிறான். இந்தப் பழக்கத்தில் ஒரு லாபம் உண்டு டீச்சர். முன்பெல்லாம் என்னோடு சிரித்தவர்கள் அதிகம். இப்போது என்னிடம் முதுகைக் காட்டப் பயப்படாதவர்கள் அதிகம்.

உங்களுக்கு உடம்பு முடியாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மாதங்களில் முன்சீட்டைச் சாய்த்துப் போட்டு ஓட்டினேன். முடியெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. நான் பேசாமல் ஓட்டினால், "ஏதாவது சொல்லு கூயா, நான் எதிர்லதான கீறேன்" என்பீர்கள். "திருப்பதிக்குப் போவாமயே மொட்டை போட்ட ஒரே ஆள் நீதான் டீச்சர்" என்றேன் ஒருநாள். நீங்கள் சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, காட்பாடி தாண்டும்வரை சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்த சான்றிதழ். அஞ்சாவதிலும் யாரும் கொடுக்காதது.

இப்போது லூசி திருப்பதியில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். நேற்று சத்திரத்திலிருந்து கிளம்பும் முன் அவளை ஹாஸ்டல் வாசலில் பார்த்தேன். நல்லாப் பேசினாள். உங்களைப் போலவே உதட்டை நீட்டித்தான் ஹாஸ்டலைக் காட்டினாள். கிளம்பும்போது, "மாமா, அம்மாவப் பத்தி எதுனா சிரிப்பா சொல்லு மாமா. எல்லாரும் அழுதுக்கினே சொல்றாங்க. நீ ஒருத்தன்தான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற" என்றாள்.

"அப்புறம் சொல்றேன்டா கண்ணு," என்று வண்டியில் ஏறிவிட்டேன். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நீங்கள் எதிரில் இல்லையே. நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி நான் ஒரு கிண்டலும் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை மாதமாக ஒன்று வாயிலேயே நிற்கிறது. வழியெல்லாம் யோசித்தேன். உங்களுக்கே எழுதிவிட்டால் அது எதிரில் நின்று சொன்ன கணக்குத்தானே? எழுதியதை லூசிக்கும் படித்துக் காட்டலாம், நீங்கள் முதலில் கேட்ட பிறகு. அதனால்தான் இந்த மடல்.

சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கத்தன்று சபையில் கொண்டுவந்த பெட்டி ரெடிமேட். நீங்களோ நாலு அடி பத்து அங்குலம். உங்களை உள்ளே வைத்த பிறகு கால்மாட்டில் அவ்வளவு இடம் காலி. எல்லோரும் குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கலா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

"ஷேர் ஆட்டோவா இருந்தா இன்னும் ரெண்டு டிக்கெட் ஏத்தாம எடுக்க மாட்டேன் டீச்சர். கொஞ்சம் தள்ளி உக்காரு."

அவ்வளவுதான். இப்போது உங்கள் முறை. திருப்பி ஒன்று கொடுங்கள்.

உங்கள்
கூயா